ஸ்ரீகலா டீச்சர் பேரிலுள்ள பாடம்

ஸ்ரீகலா டீச்சர் யாரிடமும் எந்தக் காலத்திலும் ‘மாட்டேன்’ என்று சொன்னதில்லை. ‘சரி’ என்றும் சொன்னதில்லை. “பாத்துக்கிடலாம்” என்பார். கல்யாணத்துக்கு அழைத்தாலும் பாத்துக்கிடலாம், கோயில் கமிட்டிக்குப் பேர் கேட்டாலும் பாத்துக்கிடலாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இஞ்சிவிளையில் இருபது வருஷம் நல்ல பேரோடு காலம் தள்ளினவர் அவர் ஒருவர்தான்.

டீச்சரின் தாத்தா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அந்தக் குமாஸ்தா ரத்தம் இன்னும் வற்றவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எந்தக் காகிதத்தையும் இரண்டு நகல் எடுத்துத்தான் வைப்பார். களியிக்காவிளைக்கு அந்தண்டை தமிழ்நாடு, இந்தண்டை கேரளம். இந்தண்டையில் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவி. தலைவி என்றால் கீழே பெரிய படை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். துறையில் மொத்தம் இரண்டு பேர். இன்னொருத்தி ஜிஜா.

ஜிஜா மதிலுக்கு அப்புறத்து வீடு. பழைய மிஷன் சர்ச்சுக் குடும்பம். அவள் அம்மா ஜெயபாய் பலாச்சக்கை அவித்தாலும் மரச்சீனிக் கிழங்கு அவித்தாலும் ஒரு பங்கு மதில் மேல் வந்து உட்காரும், மீன் படாத தனிப் பாத்திரத்தில் அவித்தது என்ற சத்தியத்தோடு. டீச்சர் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பார். தின்றாரா, வாழை மூட்டுக்கு உரமாகப் போயிற்றா என்பது டீச்சர் வீட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜிஜா பதினோரு வருஷமாகக் கெஸ்ட் லெக்சரர். ஜூன் மாதம் கூப்பிடுவார்கள், மார்ச் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். பதினோரு தடவை இன்டர்வியூ, பதினோரு தடவை அதே சர்டிபிகேட், எதிரே உட்கார்ந்து “தங்கள் பெயர் என்ன” என்று கேட்கிறவர் அடுத்த வீட்டு ஸ்ரீகலா டீச்சர். நாற்பத்திரண்டு வயசாகிவிட்டது. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதுகிற வயசும் தாண்டிப் போயிற்று.

இந்த வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. டீச்சர் எடுக்கிற வகுப்பு போக, வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் மிச்சம் இருந்தால் கெஸ்ட்டுக்கு ஆள் வைக்கலாம். பதினைந்தே முக்கால் இருந்தாலும் கிடையாது. நாலு வருஷ டிகிரி என்று புதிதாக ஒன்று வந்து பழைய பாடங்களைக் கலைத்துப்போட்டபின் எண்ணிப் பார்த்தால், ஜிஜாவுக்கு மிச்சம் பன்னிரண்டு. நாலு மணி நேரம் குறைவு. நாலு மணி நேரம் என்றால் ஒரு பாடம். பல்கலைக்கழகத்தில் ஒரு புதுப் பாடம் பாஸானால் ஜிஜாவுக்கு ஜூன் உண்டு. ஆகாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

அதற்காகத்தான் அவள் இரண்டு வெக்கேஷனும் அலைந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பெருங்கடவிளை, கோட்டுகால் வரைக்கும் வீடு வீடாக ஏறி, பெட்டியில் கிடந்த தமிழ்க் காகிதங்களையெல்லாம் போட்டோ எடுத்தாள். சர்ச்சு ஞானஸ்நானப் பதிவேடு, பாகப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கொழும்புக்குப் போனவன் எழுதின கடிதம். சில வீட்டில் காப்பி கொடுத்தார்கள். சில வீட்டில் பட்டாவைத் தூக்க வந்தவள் என்று நாயை அவிழ்த்துவிட்டார்கள். அத்தனையையும் சேர்த்து ‘எல்லையோரத் தமிழ்ப் பதிவுகள்’ என்று ஒரு பாடத்திட்டம். எந்த வாரம் எந்தப் பதிவேடு, எத்தனை மதிப்பெண், மாணவர்கள் எந்த வீட்டுக்குப் போவது என்பதுவரை எழுதியாயிற்று. பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஒரு விருப்பப் பாடம் நடக்கும். ஜிஜா முன்கூட்டியே கேட்டுப் பார்த்ததில் நாற்பத்தொரு பிள்ளைகள் பேர் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு இடைஞ்சல். கெஸ்ட் ஆசிரியர் பாடத்திட்டம் சமர்ப்பிக்க முடியாது. பாடத்திட்டக் குழுவில் உறுப்பினராக இருக்கிற யாராவது தன் பேரில் கொடுக்க வேண்டும். உறுப்பினர் யார்? மதிலுக்கு இப்புறம், டீச்சர்.

“அக்கா, ஒங்க பேரப் போட்டு ஒண்ணு குடுத்துருங்க. எனக்குப் பேரு வேண்டாம், பதினாறு மணிக்கூறு கிட்டினா போரும்.”

“பாத்துக்கிடலாம் மக்கா.”

பார்த்துக்கொண்டார். உள்ளே ஓர் எழுத்து மாறவில்லை. முகப்பில் மட்டும் ‘தயாரித்தவர்: டாக்டர் ஸ்ரீகலா’ என்று ஆயிற்று. டீச்சர் பேரில் ஏற்கெனவே ஒரு பாடம் உண்டு, ‘சைவ சித்தாந்த அறிமுகம்’. அதற்குப் பாடநூல் டீச்சர் எழுதின ஆய்வேடுதான். அச்சடித்த புத்தகம் இருநூற்றுச் சொச்சம் இன்னும் மச்சில் கிடக்கிறது. போன வருஷம் அந்தப் பாடத்துக்கு ஒன்பது பிள்ளைகள்தான் வந்தார்கள். அதனால் நடக்கவில்லை. அதைப் பற்றி டீச்சர் யாரிடமும் பேசுவதில்லை. கல்லூரியில் மற்றவர்கள் பேசாமல் இருப்பார்களா?

மார்ச் கடைசியில் திருவனந்தபுரத்தில் குழுக் கூட்டம். டீச்சர் கூட்டத்துக்கென்றே வைத்திருக்கிற பாலராமபுரம் கைத்தறிச் சேலையில் போனார். தலைவர் ரமணன் சார், பெருங்கடவிளைக்காரர், சாதுவான மனிதர், ஒன்பது வருஷமாகக் குழுவை நடத்துகிறார். அவர் நடத்துகிற முறை என்னவென்றால், பதினோரு மணிக்கு நிகழ்ச்சிநிரலை வாசிப்பார். ஒன்றரைக்குச் சாப்பாடு. இரண்டரைக்குச் சாயாவும், நேந்திரம்பழத்தில் போட்ட பழம்பொரியும். பழம்பொரியோடு கூடவே ஒரு தாள் சுற்றி வரும். கீழே பத்துப் பேருக்குக் கையெழுத்துப் போட இடம் இருக்கும். மேலே வெறும் வெள்ளை. தீர்மானங்களைச் சார் பிறகு சாவகாசமாக டைப் அடித்து, இந்தத் தாளைக் கடைசிப் பக்கமாகச் சேர்த்துவிடுவார். எல்லோருக்கும் ஊருக்குப் போக வண்டி பிடிக்க வேண்டுமே. ஒன்பது வருஷத்தில் ஒருவரும் ‘மேலே என்ன எழுதப்போகிறீர்கள்’ என்று கேட்டதில்லை. கேட்டால் அது ரமணன் சாரை நம்பாத மாதிரி ஆகிவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான். ஜிஜாவின் பாடமும், புது டிகிரிக்காக மறுபடி வைத்த சித்தாந்தமும் சிரமமில்லாமல் ஏறின. டீச்சர் விரலில் பட்ட எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாகர்கோவில் பாசஞ்சரில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது.

நேமம் தாண்டும்போது போன் வந்தது. ரமணன் சார்.

“டீச்சரே, ஒரு பொல்லாப்பு. டீன் ஆபீஸ்ல இருந்து இப்பத்தான் மெயில் வந்து கெடக்கு. ஒரு துறைக்கு ஒரே ஒரு விருப்பப் பாடந்தானாம். நம்மகிட்ட ரெண்டு உண்டு. ரெண்டும் டீச்சருக்க பேருலயாக்கும்.”

“அய்யோ.”

“இன்னைக்கே அனுப்பணும்னு நிக்காங்க. சித்தாந்தம் டீச்சருக்க சொந்த சப்ஜெக்ட் அல்லே, அதுல கைவைக்க எனக்கு மனசு வரல்ல. மத்தது அந்தக் கெஸ்ட் பிள்ள எழுதினதுன்னு ஒரு பேச்சு கேட்டேன். எது போவட்டு?”

வெளியே வாழையும் ரப்பரும் ஓடின. டீச்சருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. சித்தாந்தம் போனால் தனக்கு ஒரு நஷ்டமும் கிடையாது; நிரந்தர வேலை, பதினாறு மணி நேரம் கெட்டியாக இருக்கிறது. போவது மச்சில் கிடக்கிற புத்தகத்தின் மானம் மட்டும். மற்றது போனால் ஜிஜா போவாள். ஒரு நிமிஷம் இரண்டையும் ஒரே எடையாகத்தான் நினைத்தார். அதை இல்லை என்று சொல்ல முடியாது.

“சார் பாத்து செய்யுங்க.”

“அப்ப மத்தத எடுக்கேன். சரியல்லே?”

“சார் பாத்து செஞ்சா போரும்.”

பாலராமபுரத்தில் வண்டி நின்றது. எதிரே இருந்த அம்மாள் இறங்கினாள். திருப்பிக் கூப்பிட அங்கே ஒரு நிமிஷம், நெய்யாற்றின்கரையில் இரண்டு நிமிஷம், தனுவச்சபுரத்தில் அரை நிமிஷம். பாறசாலையில் இறங்கும்போது போன் கைப்பையில் இருந்தது.

சாயங்காலம் மதிலருகே ஜிஜா நின்றாள். ஜெயபாயும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

“அக்கா, என்னாச்சு?”

“நம்ம குழுவுல ஏறிச்சு மக்கா. அதுக்குமேல உள்ளவங்க வெட்டிட்டாங்க. ஒரு துறைக்கு ஒண்ணுதானாம்.” இதில் பொய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எடுத்துக்காட்ட முடியாது. அதுதான் டீச்சரின் திறமை.

ஜிஜா கொஞ்ச நேரம் மதிலில் முளைத்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். ஜெயபாய்தான் சொன்னாள்: “டீச்சர் நம்மளுக்காகச் சேலையும் உடுத்துப் போயிட்டு வந்தாவ. அவ்வளவு செய்ததே பெருசாக்கும். கண்ணு கலங்காதட்டி.”

டீச்சர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்று சொல்ல ஆசைதான். சாப்பிட்டார். இரண்டு தோசை.

மூன்றாம் நாள் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு மெயிலில் வந்தது. ஒன்பதாம் தீர்மானம்: ‘எல்லையோரத் தமிழ்ப் பதிவுகள் என்னும் பாடத்தை அதை முன்மொழிந்த டாக்டர் ஸ்ரீகலா அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஏகமனதாக ஏற்கப்பட்டது.’ ரமணன் சாரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. யார் பேரில் பாடம் இருக்கிறதோ அவர்தானே அதை எடுக்க முடியும், சட்டம் அப்படி. கடைசிப் பக்கத்தில் டீச்சரின் கையெழுத்து, ‘ஸ்ரீ’யின் வாலில் லேசாகப் பழம்பொரி எண்ணெய். ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று அடியில் ஒரு வரி.

ஏழு நாள். ஒரு காகிதம். ‘சித்தாந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றது இருக்கட்டும்.’

இரண்டாம் நாளே எழுதினார். நகல் எடுத்தார். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருக்கிற கணவர் சிவபிரசாத் அதைக் காப்பியோடு வாசித்தார்.

“எட்டி, ‘இந்தத் தீர்மானம் கூட்டத்தில் எடுக்கப்படவில்லை’ன்னு எழுதியிருக்க. அப்ப நீ எதுல கையெழுத்து போட்ட?”

“வெள்ளத் தாள்ல.”

“அதயும் எழுதிரு. துறைத் தலைவி, டாக்டர், வெள்ளத் தாள்ல கையெழுத்து போடுவாவன்னு ரெஜிஸ்ட்ராருக்கே எழுதிக் குடு. புரபசர் புரமோஷன் இன்டர்வியூல நல்லா இருக்கும்.”

“அந்தப் பிள்ளைக்க காரியம்...”

“அந்தப் பிள்ளைக்கு நீ பேரு குடுத்தது போராதா? நான் வேண்டாங்கல்ல. ஒனக்க இஷ்டம்.”

கடிதம் மேசை டிராயருக்குள் போயிற்று. ஐந்தாம் நாள் எடுத்து ஓர் ஒற்றெழுத்தைத் திருத்தினார். எட்டாம் நாளும் அது அங்கேதான் இருந்தது, நகலோடு.

விஷயம் அதோடு அடங்கியிருக்கும். ஜிஜா சும்மா இருந்தால்தானே.

ஏப்ரலில் ஒருநாள் அவள் நாலு பக்கத்தில் துணைவேந்தருக்கு ஒரு மனுவோடு வந்தாள். எல்லைக் கிராமத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேண்டிய ஒரு பாடத்தை மேலிடம் அநியாயமாக வெட்டிவிட்டது, திரும்பச் சேர்க்க வேண்டும். நாற்பத்தொரு பிள்ளைகள், சர்ச்சுப் போதகர், பஞ்சாயத்து மெம்பர் எல்லாருடைய கையெழுத்தும் இருந்தது. முதலிடம் மட்டும் காலி.

“மொதல்ல துறைத் தலைவி போடணும்னு எல்லாரும் சொல்லுதாங்க. ஒங்களுக்கு ஏதாவது இடஞ்சல் உண்டும்னா வேண்டாம் அக்கா.”

இங்கே ‘மாட்டேன்’ என்ற சொல் டீச்சருக்கு வாயில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அது பழக்கமில்லை. தவிர, பல்கலைக்கழகத்துக்குப் போன மனுவுக்குப் பதில் வந்ததாக இந்தப் பக்கத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. டீச்சரே மூன்று மனு அனுப்பியிருக்கிறார், ஒன்று 2011-இல். ஆகவே போட்டார். பேருக்குக் கீழே பதவியும் எழுதி, ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார். ஜெயபாய் மறுநாள் ஒரு முழு வருக்கைச் சக்கையை ஆள் வைத்துச் சுமந்து அனுப்பினாள்.

பல்கலைக்கழகத்தில் அந்த செக்‌ஷனுக்கு அஸ்வதி என்று ஒரு பெண் புதிதாக வந்து மூன்றாவது வாரம். மனு வந்தால் பதில் போட வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் எழுதியிருப்பதை அவள் நம்பிவிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் சொல்லிக் கொடுப்பதற்குள் ஒன்பதே நாளில் பதில் போட்டுவிட்டாள். ரெஜிஸ்டர் தபால். ஜிஜா பேருக்கு.

பதில் மூன்றே வரி. தாங்கள் குறிப்பிடும் பாடத்தை மேலிடம் நீக்கவில்லை. தங்கள் மனுவில் முதல் கையெழுத்திட்டிருக்கும் டாக்டர் ஸ்ரீகலா அவர்களே அதைத் திரும்பப் பெற்றுள்ளார். நடவடிக்கைக் குறிப்பின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

தபால்காரர் கொடுத்தது காலையில். ஜிஜா வந்தது மத்தியானம் மூன்று மணிக்கு, மதில் வழியாக அல்ல, ரோடு சுற்றி முன்வாசல் கேட்டைத் திறந்துகொண்டு. பதினோரு வருஷத்தில் அந்தக் கேட்டுக்கு அவள் கை பட்டது அன்றைக்குத்தான். கையில் தடித்த ஒரு ஃபைல். டீச்சருக்குக் கேட்டின் சத்தத்திலேயே விளங்கிவிட்டது.

“டீச்சர்.”

வீட்டில் எப்போதும் ‘அக்கா’தான். ‘டீச்சர்’ கல்லூரியில் மட்டும்.

“வா மக்கா, இரி.”

“இருக்கல்ல. ஒண்ணு கேட்டா உள்ளதச் சொல்லுவியளா? ஒங்ககிட்ட கேட்டுட்டுச் செஞ்சாங்களா, கேக்காமலா?”

“அந்த ரமணன் சாரு, பாத்துக்க, ரயில்ல வரும்போ விளிச்சு...”

“ரமணன் சார நான் விளிச்சாச்சு. பாவம், அவரு அழாத குறை. ‘எது போவட்டுன்னு டீச்சருகிட்ட ரெண்டு தடவ கேட்டேன்’னு சொன்னாரு. எனக்கு ஒங்க வாயில இருந்து கேக்கணும்.”

டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். “நான் இன்னதுன்னு ஒண்ணும் சொல்லல்லியே மக்கா. சார் பாத்து செய்யுங்கன்னுதான்...”

“ஆமா. சொல்லல்ல.” ஜிஜா தலையை ஆட்டினாள். “மனுவுல எதுக்கு ஒப்பு போட்டிய?”

உள்ளே சிவபிரசாத் டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“போதகர்கிட்ட நான் என்ன சொல்ல? நாப்பத்தொரு பிள்ளைகிட்ட? எனக்க அம்மைகிட்ட இன்னும் காட்டல்ல. சர்ச்சுல ஒங்களுக்காக ஜெபம் வச்சிருக்கா, மனுவுல தைரியமா ஒப்பு போட்ட டீச்சருக்குன்னு.”

“அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம் மக்கா. நான் வேணும்னா...”

ஜிஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு அல்ல. ஃபைலை வராந்தாவில் கிடந்த நாற்காலியில் வைத்தாள். போட்டோ நகல்கள், ஓரத்தில் பென்சிலால் அவள் படித்தெழுதின குறிப்புகள், வீடுகளின் பட்டியல், எல்லாம் அதில் இருந்தன.

“இது ஒங்க பேருல உள்ளதாக்கும். எனக்க வீட்டுல இருக்கப்பிடாது.”

கேட்டை ஒழுங்காகச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

ஜூனில் கெஸ்ட் இன்டர்வியூ நடக்கவில்லை. சித்தாந்தத்துக்கு இந்த வருஷம் ஆறு பேர் சேர்ந்தார்கள், அதுவும் நடக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரத்தை மலையாளத் துறையோடு ஏதோ ஏற்பாடு செய்து கழித்தார்கள். ஜிஜா நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். சேலைப் பிரிவு. காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற வேலை. ஓணத்துக்குப் பழைய பிள்ளைகள் போய் “மிஸ்ஸே” என்று கூப்பிட, அவள் அவர்கள் முன்னால் பத்துச் சேலையை விரித்துப்போட்டுத் திரும்ப மடித்தாளாம். டீச்சர் வழக்கமாகப் போகிற கடை அது. இப்போதெல்லாம் நேராகப் பாலராமபுரத்துக்கே போய்விடுகிறார். நெசவுக்காரரிடம் வாங்கினால் தரம் நிச்சயம் என்று சொல்லிக்கொள்கிறார். யாரும் கேட்கவில்லை.

மதில் மேல் இப்போது ஒன்றும் வந்து உட்காருவதில்லை. ஜெயபாய் ஜெபத்தை நிறுத்தினாளா, அல்லது விஷயத்தை மட்டும் மாற்றினாளா என்பது நமக்குத் தெரியாது.

நவம்பரில் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. பிரின்சிபால் துறை துறையாக ஓடினார். “டீச்சரே, ஆசிரியர் சொந்தமா உருவாக்கின பாடம், உள்ளூர்ச் சமூகத்தோட தொடர்புள்ளது, எதாவது உண்டா? அதுக்குத் தனி மார்க்காக்கும்.”

“பாத்துக்கிடலாம் சார்” என்றார் டீச்சர்.

ஃபைல் பீரோவில் இருந்து வெளியே வந்தது. முகப்பில் ஏற்கெனவே டீச்சரின் பேர்தான். ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பாடம் பாஸாயிற்றா என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்டது உருவாக்கியதா என்றுதான்.

குழுவில் ஒருவர் மதுரைப் பக்கத்துக்காரர், வயதானவர், பழைய கையெழுத்துகளில் ஆர்வமுள்ளவர். மற்றவர்கள் சாயாவுக்குப் போன பிறகும் அந்த ஃபைலை விடாமல் புரட்டினார். மிஷன் சர்ச்சு ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் நின்றார். பூச்சி அரித்த கூட்டெழுத்து. ஓரத்தில் பென்சிலில் வரிவரியாகத் தெளிவாகப் படித்து எழுதியிருந்தது.

“அபாரம். இதை யாரும்மா வாசிச்சது?”

டீச்சர் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் டீச்சரைப் பார்த்தார்.

“நான்தான் சார்.”

வாழ்நாளில் அவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

“இந்தக் கடைசி வரிக்கு மட்டும் பென்சில் இல்லையே. என்ன எழுதியிருக்கு?”

டீச்சர் குனிந்து பார்த்தார். ஏதோ ஒரு பிள்ளையின் பேர், ஏதோ ஒரு தேதி. எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. கண்ணாடியைக் கொண்டுவரவில்லை என்றார். அது அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். பிறகு ஃபைலை மெதுவாக மூடி, நாடாவைக் கட்டி, தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க டீச்சருக்குத் தைரியம் இல்லை. அதற்குள் பழம்பொரித் தட்டு வந்துவிட்டது. கூடவே ஒரு தாளும்.